ஒரே ஒரு கார்டை நீட்டாதீர்கள்: லண்டன் தமிழ் வீட்டு முகவர்களுக்கும் மோட்கேஜ் தரகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு,

வணக்கம். ஹரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபர்டிலும் ரூட்டிங்கிலும் எங்கள் சனத்துக்கு வீடு காட்டுகிறவர்கள் நீங்கள். அந்த வீட்டுக்கு வங்கிக் கடன் எடுத்துத் தருகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவில் கண்டால் நின்று சுகம் விசாரிப்பீர்கள், பிள்ளைகளின் படிப்பைக் கேட்பீர்கள். அந்த உரிமையில்தான் யாருடைய பெயரையும் குறிக்காமல் வீடு வாங்க வருகிறவருக்குச் சொலிசிட்டரை, அதாவது வீட்டுக் காகித வேலையைப் பார்க்கும் சட்டத்தரணியை, நீங்களே சொல்லிவிடுவதைப் பற்றி உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

என் மகனும் மருமகளும் அண்மையில் ஒரு வீட்டுக்கு ஓஃபர் வைத்தார்கள். விலை 480,000 பவுண். ஓஃபரை ஏற்றுக்கொண்ட அன்று பின்னேரம் மகன் கையில் ஒரு கார்டுடன் வந்தான். "ஏஜென்ட் அண்ணா தந்தவர் அம்மா. இந்தச் சொலிசிட்டரிடம் போனால் கெதியாக முடியுமாம்." அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். எனக்கோ அந்தக் கார்டைக் கையில் வாங்கியதும் வயிறு கலங்கியது.

2011இல் நானும் கணவரும் எங்கள் முதல் வீட்டை வாங்கினோம். இரண்டு அறை ஃபிளாட், புதிதாகக் கட்டியது, 125 வருட லீஸ், அதாவது நிலம் இன்னொருவருடையது, எங்களுக்கு அத்தனை வருடக் குத்தகை, அவருக்கு வருடாவருடம் நில வாடகை. காட்டிய முகவர் தமிழர், எங்களோடு மிக அன்பாகத்தான் பழகினார். சொலிசிட்டரையும் அவரே சொன்னார். வேறு யாரையாவது பார்க்கலாமா என்ற கேள்வியே எங்களுக்கு வரவில்லை. அந்த நிறுவனம் லண்டனிலேயே இல்லை. நாலு மாதத்தில் ஐந்து பேர் ஐந்து பெயரில் மின்னஞ்சல் அனுப்பினார்கள், ஒருவருடைய குரலையும் நாங்கள் கேட்டதில்லை. கடைசியில் நாற்பது பக்க அறிக்கை ஒன்று வந்தது. கையெழுத்து வைத்து வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பச் சொல்லி அதோடு ஒரு கடிதம். அறிக்கையின் 31ஆம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: நில வாடகை வருடத்துக்கு 300 பவுண், லீஸில் உள்ளபடி மீளாய்வு செய்யப்படும். அவ்வளவுதான்.

அந்த 'உள்ளபடி'க்கு அர்த்தம் 2021இல் விற்கப் போனபோதுதான் தெரிந்தது. பத்து வருடத்துக்கு ஒருமுறை வாடகை இரட்டிப்பு. 300 பிறகு 600, பிறகு 1,200, 2,400, 4,800 என்று ஏறி, ஐம்பதாவது வருடத்தில் 9,600 பவுண். வாங்க வந்தவரின் வங்கி லீஸைப் பார்த்துவிட்டுக் கடன் தர மறுத்தது. அடுத்து வந்தவருக்கும் அதே பதில். நிலச் சொந்தக்காரருக்குக் காசு கட்டி, அந்தப் பிரிவை மாற்றி எழுதுவித்து, இரண்டு பக்கச் சட்டச் செலவையும் நாங்களே கொடுத்து முடிக்க 14,000 பவுண் போயிற்று. ஒன்றரை வருடமும் போயிற்று. கணவர் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. எங்களுக்காக வேலை செய்த சொலிசிட்டர் நிறுவனத்தைத் தேடினோம். அது மூடி நாலு வருடமாகியிருந்தது.

எங்களைப்போல் இந்த நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. 2019 மார்ச்சில் பாராளுமன்றத்தின் வீடமைப்புக் குழு லீஸ் வீடுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, காசுச் சலுகை காட்டி வாங்குகிறவரை ஒரு குறிப்பிட்ட சொலிசிட்டரிடம் அனுப்புவதைத் தடைசெய்யவேண்டும் என்று எழுதியது. 2022 ஜூன் 30 முதல் எழுதும் புதிய நீண்டகால லீஸ்களில் பெரும்பாலும் நில வாடகையே கேட்க முடியாது. ஆனால் அதற்கு முன் எழுதிய லீஸோடு எத்தனை ஃபிளாட்டுகள் இன்றும் உங்கள் கடைக் கண்ணாடியில் விற்பனைக்குத் தொங்குகின்றன என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

எங்கள் சனம் ஏன் இப்படி ஒரு கேள்வியும் கேட்காமல் கார்டை வாங்கிப் பைக்குள் வைக்கிறது என்று நிறைய யோசித்தேன். ஊர்ப் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் காணி வாங்கும்போது விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே நொத்தாரிசின் முன்னால் போய் இருப்பது சாதாரணம். அவரே தோம்பு என்கிற காணிப் பதிவைப் பார்ப்பார், அவரே உறுதிப் பத்திரத்தை எழுதி முடிப்பார். நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதாத காணி உறுதி செல்லாது என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் ஒழுங்கு. அந்த நொத்தாரிசுக்கு இரண்டு குடும்பத்தையும் தெரியும், அந்தக் காணியின் வேலிச் சண்டையும் தெரியும். நாளைக்கு ஒரு பிழை வந்தால் அவர் அதே ஊரில்தான் முகம் கொடுக்கவேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் நாங்கள் இங்கேயும் கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறோம்.

இங்கிலாந்தில் ஒழுங்கு வேறு. விற்கிறவருக்கு ஒரு சட்டத்தரணி, வாங்குகிறவருக்கு இன்னொருவர். விற்கிறவர் படிவங்களில் கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைத் தேடிப் பிடிப்பது வாங்குகிறவரின் பொறுப்பு. கவுன்சில் தேடல், தண்ணீர் வடிகால் தேடல், காணிப் பதிவேட்டின் வரைபடம், கட்டட அனுமதிகள், லீஸ் என்றால் அதன் ஒவ்வொரு பிரிவும், இவை எல்லாவற்றையும் எக்ஸ்சேஞ்சுக்கு முன், அதாவது இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தை மாற்றிக் கட்டுப்படுவதற்கு முன், பார்த்து முடிக்கவேண்டும். எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஒரு சதமும் அபராதம் இல்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு விலகினால் வழக்கமாகக் கட்டும் 10 வீத முற்பணம் போய்விடும். 480,000 பவுண் வீட்டில் அது 48,000.

இப்போது உங்களோடு மனம் திறந்து கதைக்கிறேன். நீங்கள் விற்கிறவரின் முகவர். உங்களுக்குக் கமிஷன் தருவது அவர். வீடு கைமாறினால்தான் உங்களுக்குக் காசு. அதில் ஒரு குற்றமும் இல்லை, அது உங்கள் தொழில். தரகருக்கும் கடன் முடிந்தால்தான் வருமானம். சேர்வேயர் வந்தால் சுவரையும் கூரையையும் பார்ப்பார். காகிதத்தைப் பார்த்து 'நில், இந்த வீட்டை வாங்காதே' என்று சொல்லக்கூடியவர் சொலிசிட்டர் ஒருவர்தான். அந்த ஒருவரையும் நீங்களே தெரிந்து தந்தால் வாங்குகிறவர் பக்கத்தில் நிற்க யார் மிச்சம்?

ஒரு சொலிசிட்டருக்கு உங்களிடமிருந்து மாதம் முப்பது ஃபைல் வருகிறது என்று வையுங்கள். என் மகனிடமிருந்து வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ வரும். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். லீஸில் ஒரு மோசமான பிரிவைக் காண்கிறார். உடனே போனை எடுத்து, "தம்பி, இது வேண்டாம், வேறு வீடு பாருங்கள்" என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமாவது தயக்கம் வராதா? அந்த ஒரு நிமிடத் தயக்கம்தான் 31ஆம் பக்கத்தில் ஒரு வரியாக முடிகிறது. எங்களுக்கு நடந்தது அப்படித்தான் என்று நான் நம்புகிறேன்.

பரிந்துரைக் காசைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆள் அனுப்பியதற்காகச் சில நிறுவனங்கள் உங்களுக்கு ஒரு தொகை தருகின்றன. விபத்து நட்டஈட்டு வழக்குகளில் இப்படிக் காசு வாங்குவதை 2013 ஏப்ரலில் இருந்து தடைசெய்துவிட்டார்கள். வீடு வாங்குவதில் தடையில்லை, ஆனால் மறைக்கக்கூடாது. சொலிசிட்டரும் தன் வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லவேண்டும் என்று அவர்களுடைய ஒழுக்க விதியே இருக்கிறது. சட்டக் கடிதத்தின் எங்கோ ஒரு மூலையில் அது எழுதியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது அதுவல்ல. கார்டை நீட்டும் அதே நேரத்தில் வாய்திறந்து சொல்லுங்கள்: "தங்கச்சி, நீங்கள் இவரிடம் போனால் எனக்கு இவ்வளவு கிடைக்கும்." இவ்வளவு காலம் எங்களோடு பழகியவர்களுக்கு இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கக்கூடாது.

சரி, மகனின் கதைக்கு வருகிறேன். கார்டை மேசையில் வைத்துவிட்டு, "இதையும் சேர்த்து நாலு இடத்துக்குப் போன் எடு" என்றேன். இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து கேள்விகளை எழுதி, திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் அழைத்தார்கள்.

கார்டில் இருந்த நிறுவனத்தில் எடுத்தவர் ஒரு அழைப்பு மையத்தில் இருந்தார். எங்கள் ஃபைலை யார் பார்ப்பார் என்று கேட்டதற்கு "ஒரு குழு பார்க்கும்" என்றார். இரண்டாவது இடம் மலிவு. ஆனால் விலைப் பட்டியலின் அடியில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனது: வங்கிக்காகச் செய்யும் வேலைக்குத் தனிக் காசு, அன்பளிப்பாக வரும் முற்பணத்தைப் பார்க்கத் தனிக் காசு, முத்திரை வரிப் படிவத்துக்கு, அடையாளச் சோதனைக்கு, பணம் மாற்றி அனுப்ப என்று. கூட்டிப் பார்த்தால் நாலிலும் விலை கூடியது அதுதான். 2018 டிசம்பரில் இருந்து சொலிசிட்டர் நிறுவனங்கள் இந்த வேலைக்கான விலையைத் தங்கள் தளத்தில் போடவேண்டும் என்பது விதி. அதனால் ஒப்பிடுவது முன்னரைவிடச் சுலபம். ஒப்பிடும்போது முழுத்தொகையைப் பார்க்கவேண்டும், மேலே பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்கக்கூடாது.

மூன்றாவது ஆள் தமிழர். வடிவாகத் தமிழில் கதைத்தார். எங்கள் வயதுக்காரருக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் விளம்பரங்களிலும் அதைத்தான் முதலில் போடுகிறீர்கள். ஆனால் அவர் பெரும்பாலும் குடிவரவு வழக்குகள் செய்கிறவர், வீட்டு வேலை எப்போதாவது வந்தால் செய்வார். அதை அவரே ஒளிக்காமல் சொன்னார், அதற்காக அவருக்கு நன்றி. தமிழ் தெரிந்தவர், அதோடு வீட்டு வேலையே தன் தொழிலாகச் செய்கிறவர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. முதலாவது மட்டும் இருந்தால் போதாது.

நாலாவது அழைப்பில் ஒரு பெண் எடுத்தார். ஃபைலைத் தானே பார்ப்பதாகச் சொன்னார், தான் லீவில் போகும் இரண்டு கிழமையும் அப்போது யார் பார்ப்பார் என்பதும் சொன்னார். பிறகு அவர் எங்களைக் கேட்கத் தொடங்கினார். முதல் கேள்வி: "உங்கள் இருவரில் யாருக்காவது உலகத்தில் எங்கேயாவது வீடு இருக்கிறதா?"

மகன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். மருமகள்தான், "எனக்கு ஊரில் ஒரு வீடு எழுதியிருக்கிறது" என்றாள். சீதன வீடு. தாய் தகப்பன் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, தங்களுக்கு வைத்துக்கொண்டு மகள் பெயருக்கு எழுதிய நன்கொடை உறுதி.

இது எவ்வளவு பெரிய விசயம் என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே முதல் வீடு வாங்குகிறவருக்கு 300,000 பவுண் வரை முத்திரை வரி இல்லை, அதற்கு மேல் 500,000 வரை 5 வீதம். 480,000க்கு 9,000 பவுண் வரும். ஆனால் முதல் வீடு என்றால் உலகத்தில் எங்கேயும், வாங்கியோ அன்பளிப்பாகவோ முதுசமாகவோ, ஒரு வீடு பெயரில் வந்திருக்கக்கூடாது. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்குமே அந்தத் தகுதி வேண்டும். சலுகை இல்லாமல் சாதாரணக் கணக்குப் போட்டால் 14,000. அதற்கு மேல், வேறு நாட்டில் 40,000 பவுணுக்குக் குறையாத வீடு ஒன்று சொந்தமாக இருந்தால், இதை இரண்டாவது வீடாகக் கணக்கெடுத்து முழு விலைக்கும் இன்னொரு 5 வீதம். 2024 அக்டோபர் 31 முதல் அதுதான் வீதம். அப்போது மொத்தம் 38,000 பவுண். 9,000க்கும் 38,000க்கும் இடையில் ஒரு கேள்விதான் நிற்கிறது.

சீவிய உரித்து வைத்து எழுதிய உறுதி இந்தக் கணக்கில் வருமா என்று அந்தப் பெண் போனில் ஊகித்துச் சொல்லவில்லை. உறுதியின் மொழிபெயர்ப்பை அனுப்பச் சொன்னார். வரி ஆலோசகர் ஒருவரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் மற்ற வேலை என்றார். எங்கள் சனத்தில் எத்தனை பெண்பிள்ளைகள் பெயரில் ஊரில் சீதன வீடு இருக்கிறது! எத்தனை பேர் தகப்பன் செத்த பிறகு ஒரு பங்குக்காரராக இருக்கிறார்கள்! இணையப் படிவத்தில் 'முதல் வீடா? ஆம்' என்று ஒரு பெட்டியில் சரி போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிரகடனம் வாங்குகிறவருடையது. பிறகு வரித் திணைக்களம் கேட்டால் வட்டியோடும் தண்டப் பணத்தோடும் கட்டப்போவதும் அவர்தான்.

இரண்டாவது கேள்வி முற்பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இதிலும் எங்கள் நிலைமை உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் சேமிப்பு கொஞ்சம், கனடாவில் இருக்கும் என் தம்பி தந்தது கொஞ்சம், சீட்டு எடுத்த காசு கொஞ்சம். பணத்தின் மூலத்தைச் சோதிப்பது சொலிசிட்டரின் சட்டக் கடமை. தம்பி தன் அடையாளப் பத்திரம், வங்கிக் கணக்கு விவரம், இந்த வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்ற கடிதம் எல்லாம் தரவேண்டும். சீட்டுக் காசுக்குத்தான் தலையிடி. கொப்பியில் பென்சிலால் எழுதிய கணக்கை யார் ஏற்பார்கள்? அந்தப் பெண் முதல் நாளே அதைக் கேட்டதால், மாதாமாதம் சீட்டுக்குக் கட்டியது என் வங்கிக் கணக்கில் இருந்து போனதைக் காட்டவும், சீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கவும் நேரம் கிடைத்தது. எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று நாள் இருக்கும்போது இதைக் கேட்டிருந்தால் வீடு கைநழுவியிருக்கும். அப்படி வீட்டை இழந்த ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

இன்னொன்று. முற்பணம் அனுப்பும் நாளில் கள்ளர் சொலிசிட்டரின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று சொல்லிக் காசைப் பறிப்பது இங்கே நடக்கிறது. ஒரு ஆளை, ஒரு குரலைத் தெரிந்திருந்தால் போன் எடுத்துக் கேட்கலாம். "ஒரு குழு பார்க்கும்" என்றால் யாரிடம் கேட்பது?

அந்தப் பெண்ணையே தெரிந்தெடுத்தோம். அதற்கு முன் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவில் அவர் பெயர் இருக்கிறதா என்றும், சட்டச் சங்கத்தின் வீட்டு வேலைத் தரச் சான்று அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா என்றும் மகன் பார்த்தான். உரிமம் பெற்ற கன்வேயன்சர் (சொலிசிட்டர் அல்லாமல், வீடு கைமாற்றும் சட்ட வேலையை மட்டும் செய்கிறவர்) என்றால் அவர்களுக்கென்று தனிப் பதிவு இருக்கிறது. இரண்டும் பத்து நிமிட வேலை.

பெயரைச் சொன்னதும் எங்கள் முகவர் தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "வங்கியின் பனலில் அவர் இருக்கிறாரோ தெரியாது, பிறகு பிந்தும், விற்கிறவர் பொறுக்கமாட்டார்" என்றார். பனல் என்றால் வங்கி ஏற்றுக்கொள்ளும் சொலிசிட்டர்களின் பட்டியல். மகன் வங்கியிடமே கேட்டான், பனலில் அவர் இருக்கிறார். தரகர்களிடம் இதை மிகத் தாழ்மையாகக் கேட்கிறேன்: பனல் என்ற சொல்லை வைத்து எங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். பெரிய வங்கிகளின் பனலில் ஏராளமான நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரே ஒருவர்தான் இருப்பதைப்போலச் சொல்வது சரியில்லை. முகவர் தரும் சேவையை எடுக்கவில்லை என்பதற்காக ஒருவரைப் பின்தள்ளுவது வீட்டு முகவர்களுக்கான 1991ஆம் ஆண்டுக் கட்டளைப்படியே தவறு. உங்களில் பலருக்கு இது தெரியும் என்றாலும், வாங்க வருகிறவருக்குத் தெரியாது.

நீங்கள் சொல்லும் சொலிசிட்டர்கள் எல்லாம் கூடாதவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. யார் போன் எடுப்பார், யார் இரண்டு கிழமை பதில் போடாமல் இருப்பார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த அனுபவம் எங்களுக்கும் வேண்டும். ஆகவே கார்டை நிறுத்தச் சொல்லவில்லை. மூன்று பெயர் எழுதித் தாருங்கள், அதில் ஒருவராவது உங்களுக்குக் காசு தராதவராக இருக்கட்டும். மற்றவர்கள் எவ்வளவு தருகிறார்கள் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். தெரிந்தெடுக்க நாலு நாள் விடுங்கள். ஃபைலை யார் பார்ப்பார் என்று கேட்கச் சொல்லுங்கள், ஊரில் வீடு இருந்தால் முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள், சீட்டுக் காசு என்றால் காகிதம் தேடத் தொடங்கச் சொல்லுங்கள். சரியான ஆளிடம் முதலே போன ஃபைல் நடுவில் முறிவது குறைவு. அது உங்கள் கமிஷனுக்கும் நல்லதுதானே.

மகனுக்குக் கார்டு தந்த தம்பி, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களில் எனக்குக் கோபம் இல்லை. எல்லாம் சரியாக வந்தால் தை பிறக்க முன் அந்த வீட்டுத் திறப்பை உங்கள் கையால்தான் வாங்கப்போகிறோம். பால் காய்ச்சும் நாளுக்குக் கட்டாயம் வாருங்கள். வரும்போது அந்த மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள், என் தங்கையின் மகளும் வீடு தேடத் தொடங்கியிருக்கிறாள்.

அன்புடன்,
ஹரோவிலிருந்து ஒரு தாய்